கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிப்பது எது? இறக்கம் வந்த பிறகு நான் தெரிந்துகொண்டவை

கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று வெளியில் சொன்னால், “அப்போ எடுத்துட வேண்டியதுதானே?” என்பதுதான் முதலில் வரும் பதில். என் அக்காவும் அதையே கேட்டாள், நெருங்கிய தோழியும் அதையே கேட்டாள். பிள்ளைப்பேறு முடிந்துவிட்டது, இனி அது எதற்கு என்கிற எண்ணம். ஆனால் என்னைப் பரிசோதித்த மகப்பேறு மருத்துவர் அன்று சொன்ன ஒரு வார்த்தை பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டது. “கர்ப்பப்பைல ஒரு கோளாறும் இல்லைம்மா. அதைத் தாங்கிட்டிருக்கிறதுதான் தளர்ந்துபோச்சு.”

எது தாங்குகிறது, எப்படித் தாங்குகிறது என்று அதற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதெல்லாம் என் அன்றாடத்தையே மாற்றியது. உட்காருவது, எழுவது, இருமுவது, மலம் கழிப்பது வரை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டே எத்தனையோ பேர் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு இரண்டாவது பிரசவம் ஆகிச் சில வருடங்கள் கழித்து, சாயங்காலமானால் அடிவயிற்றில் ஒரு பாரம் தெரிய ஆரம்பித்தது. நின்றுகொண்டே வேலை பார்த்த நாளில் பாரம் கூடும். படுத்தால் குறையும். காலையில் எழும்போது இருக்கவே இருக்காது. கீழ் முதுகில் ஒரு இழுவை வலி. சிறுநீர் கழித்துவிட்டு எழுந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற உணர்வு. அப்புறம் ஒரு நாள் குளிக்கும்போது, யோனியின் வாயில் மிருதுவாக, உருண்டையாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. கட்டி என்றுதான் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றும். கட்டி இல்லை. யோனியின் முன்சுவர், முன்னாலிருந்து சிறுநீர்ப்பை தள்ளியதால் கீழே பிதுங்கியிருந்தது. அதோடு சேர்ந்து கருப்பை வாயும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பரிசோதனையைப் பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது, அதனால் அதையும் சொல்கிறேன். மருத்துவர் முதலில் சிறுநீரை முழுக்க வெளியேற்றிவிட்டு வரச் சொன்னார். மல்லாந்து படுக்க வைத்து, ஸ்பெகுலம் என்ற, யோனியை விரித்துப் பார்க்கும் கருவியின் ஒரு பாதியால் பின்சுவரை மட்டும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, “நல்லா முக்குங்க, மூச்சை அடக்கி கீழ தள்ளுங்க” என்றார். முன்சுவர் எவ்வளவு தூரம் வருகிறது என்று அளவுக்குறி போட்ட ஒரு குச்சியால் பார்த்தார். பிறகு முன்சுவரை ஒதுக்கிப் பின்சுவரைப் பார்த்தார். அடுத்து கருப்பை வாய். கடைசியில் எழுந்து நிற்கச் சொல்லி, இரும வைத்து இன்னொரு தடவை பார்த்தார். படுத்திருக்கும்போது பாதி இறக்கம் ஒளிந்துகொள்ளும் என்பதால், நிற்கவைத்துப் பார்க்காமல் “ஒண்ணும் இல்லை” என்று அனுப்பினால் நீங்களே கேளுங்கள். வலி எதுவும் இல்லை. கொஞ்ச நேரக் கூச்சம், அவ்வளவுதான்.

அளப்பதற்கு யோனியின் வாயில் உள்ள கன்னிச்சவ்வு இருக்கும் மட்டத்தையே பூச்சியமாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் எத்தனை சென்டிமீட்டர், கீழ் எத்தனை சென்டிமீட்டர் என்று எண்ணுகிறார்கள். 1996இல் வகுத்த இந்த முறையில் 0 முதல் 4 வரை நிலைகள் உண்டு. மிகக் கீழே வந்த பகுதி அந்த மட்டத்துக்கு 1 செ.மீ.க்கு மேலேயே நின்றுவிட்டால் 1ஆம் நிலை. மட்டத்துக்கு 1 செ.மீ. மேலிருந்து 1 செ.மீ. கீழ் வரைக்குள் இருந்தால் 2ஆம் நிலை. அதையும் தாண்டினால் 3. முழுவதுமாக வெளியே புரண்டு வந்துவிட்டால் 4. என்னுடையது 2. உங்கள் நிலை என்ன, இறங்கியிருப்பது முன்சுவரா, பின்சுவரா, கருப்பை வாயா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட அது ஒன்றுதான் வழி.

இப்போது கர்ப்பப்பை எங்கே, எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். கர்ப்பமில்லாதபோது அது சின்ன உறுப்பு. குழந்தை பெறாத பெண்ணுக்கு நீளம் சுமார் 7.5 செ.மீ., மேற்பாகத்தில் அகலம் 5 செ.மீ., கனம் 2.5 செ.மீ. பிரசவமான பெண்களுக்கு இதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். இடுப்புக் குழிக்குள் முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், இரண்டுக்கும் நடுவில் இது. நாம் நினைப்பதுபோல் நெட்டுக்குத்தாக நிற்பதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு முன்பக்கம் சாய்ந்து, சிறுநீர்ப்பையின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. யோனியின் போக்குக்கும் கருப்பை வாயின் போக்குக்கும் இடையே ஏறக்குறைய 90 பாகைக் கோணம். அதற்கு மேல் கருப்பை வாயும் உடல்பகுதியும் சேரும் இடத்தில் முன்பக்கமாக இன்னொரு வளைவு. நாம் நிற்கும்போது யோனியின் மேல்பாதியும் செங்குத்தாக இல்லாமல் ஏறக்குறையப் படுத்த நிலையில், பின்னால் மலக்குடலின் மேல் சாய்ந்து கிடக்கிறது.

இந்தச் சாய்வுகளுக்குக் காரணம் இருக்கிறது. இருமினாலோ தும்மினாலோ வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். கர்ப்பப்பை முன்சாய்ந்து கிடப்பதால் அந்த அழுத்தம் அதைச் சிறுநீர்ப்பையின் மேல் அமுக்குகிறது. யோனியின் மேல்பாதி கீழே இருக்கும் தசைத்தட்டின் மேல் அமுங்கி மூடிக்கொள்கிறது. வழி நேராக இருந்தால் ஒவ்வொரு இருமலும் உறுப்பைக் கீழே தள்ளும். வளைந்திருப்பதால்தான் தள்ள முடிவதில்லை. எனக்கு இந்த ஒரு விஷயம் புரிந்த அன்றைக்கு வந்த வியப்பு இன்னும் போகவில்லை.

சிறுநீர்ப்பை நிறைந்தால் கர்ப்பப்பை பின்னால் நிமிர்கிறது, காலியானால் மறுபடி முன்னால் கவிழ்கிறது. ஆகவே அது ஆணியடித்து வைத்த உறுப்பு இல்லை, நாள் முழுக்க அசைந்துகொண்டிருப்பது.

சுமார் ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இந்தச் சாய்வு பின்பக்கமாக, மலக்குடல் பக்கம் இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் “ஆர்.வி.” அல்லது “ரெட்ரோவெர்டட்” என்று ஒரு வரி வரும். கல்யாணமான புதிதில் என் ரிப்போர்ட்டிலும் அது இருந்தது. “பின்னால திரும்பியிருக்காம், குழந்தை தங்காதாம்” என்று உறவினர் வட்டத்தில் ஒரு பேச்சு. இரண்டு குழந்தைகளும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல்தான் தங்கினார்கள். தடையில்லாமல் அசையக்கூடிய பின்சாய்வு, உயரம் குட்டை மாதிரி ஒரு உடல்வாகு. அதை நிமிர்த்தத் தேவையில்லை. கர்ப்பமானால் வளர வளரத் தானாகவே நிமிர்ந்து, 12 முதல் 14 வாரத்துக்குள் இடுப்புக் குழியிலிருந்து மேலே வந்துவிடும். மிக அரிதாக அது நிமிராமல் இடுப்புக் குழிக்குள்ளேயே மாட்டிக்கொள்வதுண்டு. அந்த வாரங்களில் சிறுநீர் திடீரென்று வராமல் அடைத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), பழைய தொற்று போன்றவற்றால் சவ்வுகள் ஒட்டிக்கொண்டு, கர்ப்பப்பை பின்னாலேயே அசையாமல் பிடிபட்டிருந்தால் அது வேறு கதை. மாதவிடாயின்போது கடும் வலி, உடலுறவில் ஆழத்தில் வலி, மலம் கழிக்கும்போது வலி இருந்தால், சாய்வைப் பற்றிக் கவலைப்படாமல் ஒட்டுதலுக்குக் காரணம் என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: காப்பர்-டி போட்டுக்கொள்ளப் போனால் உங்களுக்குப் பின்சாய்வு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போடுபவர் எந்தத் திசையில் கருவியைச் செலுத்த வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

சரி, தாங்கிகளுக்கு வருகிறேன். நான் கர்ப்பப்பையை உறியில் தொங்கும் பானையாகத்தான் கற்பனை செய்து வைத்திருந்தேன். கயிறுகள் உண்மையில் இருக்கத்தான் இருக்கின்றன. தசைநார்கள் அல்லது லிகமென்ட் என்கிறோமே, அவைதான். ஆனால் நல்ல உடம்பில் பானைக்கு அடியில் ஒரு கையும் எப்போதும் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கை இருக்கும்வரை கயிறுகளுக்குப் பெரிய வேலை இல்லை, பானை ஆடாமல் நடுவில் நிறுத்தினால் போதும். கை தளர்ந்தால் முழுப் பாரமும் கயிற்றில் ஏறும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஏறினால் கயிறு நீளும். நீண்ட கயிறு மறுபடி சுருங்காது. கர்ப்பப்பை இறக்கத்தின் கதை ஏறக்குறைய இதுதான்.

அந்தக் கை, இடுப்புத்தளத் தசை. லிவேட்டர் ஏனி என்று மருத்துவர்கள் சொல்வது. முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, இரு பக்கமும் இடுப்பெலும்பின் உட்சுவர்களைப் பிடித்துக்கொண்டு அடித்தளமாக விரிந்திருக்கிறது. நடுவில் முன்பக்கம் ஒரு இடைவெளி. சிறுநீர்க்குழாய், யோனி, மலக்குடல் மூன்றும் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. பெண்ணுடம்பில் பலவீனமான இடம் அந்த இடைவெளிதான். கை தசையும் கால் தசையும் நாம் ஓய்ந்தால் ஓய்ந்துவிடும். இந்தத் தசை நாம் சும்மா நிற்கும்போதும் மெல்ல இறுகியே இருந்து, அந்த இடைவெளியை முன்பக்கம் இழுத்து மூடி வைத்திருக்கிறது. நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை, ஆனால் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது.

யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் சின்னச் சதைமேட்டையும் லேசாக எண்ணக் கூடாது. பிரசவத்தில் கிழிந்தோ வெட்டியோ தையல் போடுகிறார்களே, அந்த இடம்தான். பல தசைகள் வந்து முடிச்சாகச் சேரும் இடம் அது. அந்தத் தையல் சரியாகச் சேராமல் போனால் கீழ்வாசல் அகன்றே நின்றுவிடும்.

கயிறுகளில் முக்கியமானவை கருப்பை வாயைப் பிடித்திருப்பவை. உடல்பகுதியை எதுவும் பெரிதாகப் பிடிப்பதில்லை, கருப்பை வாயைத்தான் நான்கு பக்கமும் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் இடுப்புச் சுவரை நோக்கிப் போவது கார்டினல் லிகமென்ட். 1895இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மெக்கன்ராட் பெயராலும் அழைக்கிறார்கள். பின்னால் மலக்குடலின் இரு பக்கமாக, முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்புக்குப் போவது யூட்டெரோசேக்ரல். இவை கருப்பை வாயைப் பின்னுக்கு இழுத்து வைப்பதால்தான் உடல்பகுதி முன்னால் கவிழ்ந்து நிற்கிறது. எனக்கு வந்த கீழ் முதுகு இழுவைக்கு அர்த்தம் இங்கேதான் கிடைத்தது. இறங்கும் கருப்பை வாய் இந்தத் தசைநாரை இழுக்கிறது, வலி அது பற்றியிருக்கும் திருவெலும்பு இருக்கும் இடத்தில் தெரிகிறது. படுத்தால் இழுவை விடுகிறது, வலியும் போகிறது.

முன்னால் தொடை இடுக்கு வழியாக இறங்கும் வட்டத் தசைநார் 10 முதல் 12 செ.மீ. நீளம். அதற்குப் பாரம் தாங்கும் வேலை கிடையாது, கர்ப்பப்பையை முன்சாய்வில் வைக்க உதவுகிறது. கர்ப்ப காலத்தில் புரண்டு படுத்தாலோ சட்டென்று எழுந்தாலோ தொடை இடுக்கில் சுரீரென்று ஒரு வலி வருமே, அது பெரும்பாலும் இந்தத் தசைநார் இழுபடுவதுதான். ‘பிராட் லிகமென்ட்’ என்று பெரிய பெயர் வைத்த ஒன்று இருக்கிறது. அது வயிற்று உள்சவ்வின் மடிப்பு, தாங்குவதில் அதன் பங்கு மிகக் குறைவு.

ஜான் டிலான்சி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் இந்தத் தாங்குதலை மூன்று மட்டமாகப் பிரித்துக் காட்டினார். மேல் மட்டம், கருப்பை வாயையும் யோனியின் உச்சியையும் பிடித்திருக்கும் தசைநார்கள். நடு மட்டம், யோனியின் பக்கங்களை இடுப்புச் சுவரோடு பிணைத்திருக்கும் திசு. கீழ் மட்டம், அந்தச் சதைமேடும் சுற்றியுள்ள தசையும். மேல் மட்டம் போனால் கர்ப்பப்பை இறங்கும். நடு மட்டம் போனால் முன்னால் சிறுநீர்ப்பையோ பின்னால் மலக்குடலோ பிதுங்கும். உங்கள் மருத்துவர் எந்த மட்டம் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டால், சிகிச்சை ஏன் அப்படி அமைகிறது என்பது உங்களுக்கே புரியும்.

தளர்வதற்குக் காரணங்களை அடுக்கினால் பெரும்பாலான பெண்கள் ஏதாவது ஒன்றில் இருப்பார்கள். சுகப்பிரசவம், பெரிய குழந்தை, நீண்ட நேரம் முக்கியது, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். குறிப்பாக ஃபோர்செப்ஸ் போட்டால் இடுப்புத்தளத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துவிடும் அபாயம் கூடுதல். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவது, உடல் பருமன், வருடக்கணக்கான மலச்சிக்கல், தீராத இருமல், பாரம் தூக்கும் வேலை, குடும்ப வாகு. எனக்கு ஆயுதப் பிரசவம் ஒன்று, அதன்பின் நீண்ட நாள் மலச்சிக்கல். சிசேரியன் ஆனவர்களுக்கு இது வரவே வராது என்பதும் தவறு. வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

எனக்கு மருத்துவர் முதலில் எழுதிக்கொடுத்தது பிசியோதெரபி. 1ஆம், 2ஆம் நிலை இறக்கத்துக்கு, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் குறைந்தது 16 வாரம் இடுப்புத்தளப் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. இதில் மேற்பார்வை என்ற வார்த்தையை நான் அடிக்கோடிட்டுச் சொல்வேன். 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அர்னால்ட் கீகல் என்ற மருத்துவரே, சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க அழுத்தம் காட்டும் கருவி ஒன்றைப் பயன்படுத்தினார். 1991இல் வந்த ஓர் ஆய்வில், வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிக்கொடுத்த பெண்களில் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் தலைகீழாக, கீழ்நோக்கி முக்கினார்கள். இறக்கம் உள்ளவர் கீழே முக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிசியோதெரபிஸ்ட் கையுறை போட்ட ஒரு விரலை உள்ளே வைத்து, “என் விரலை மேல இழுங்க, வயித்தை இறுக்காதீங்க, மூச்சு விட்டுக்கிட்டே இருங்க” என்றார். நான் இறுக்கியபோது தொடையும் பிட்டமும்தான் இறுகின. அவர் விரலில் ஒன்றும் தெரியவில்லையாம். “காத்துப் பிரியப் போகுது, ரூம்ல நாலு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. அடக்குங்க” என்றார். உடனே பிடிபட்டுவிட்டது. ஆசனவாய் பக்கம் தொடங்கி முன்னால் வரை ஒரு மூடுதல், அப்புறம் உள்ளே மேல்நோக்கி ஒரு எழும்பல். “ம், இதுதான். இப்போ முழுசா விடுங்க” என்றார். விடுவதும் அதே அளவு முக்கியம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். விடத் தெரியாத தசை வலிக்கும், வேலையும் செய்யாது.

அவர் கொடுத்த கணக்கு: ஒரு வேளைக்கு 8 முறை இறுக்கம், நாளுக்கு மூன்று வேளை. தொடக்கத்தில் சில நொடிகள்தான் பிடிக்க முடிந்தது. போகப் போக 8, 10 நொடி வரை கூட்டச் சொன்னார். இறுக்கிய அளவு நேரம் இடையில் ஓய்வு. கடைசியில் சட்டு சட்டென்று சில வேக இறுக்கங்கள். முதலில் படுத்துச் செய்து, பழகிய பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒருமுறை செய்யலாம், பழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகாமல் போகும்.

எனக்கு மிகவும் உதவியது பயிற்சியைவிட ஒரு சின்னப் பழக்கம். இருமப் போகிறோம், தும்மப் போகிறோம், குனிந்து எதையாவது தூக்கப் போகிறோம் என்று தெரிந்ததும், அதற்கு ஒரு கணம் முன்னால் தளத்தை இறுக்கிக்கொள்வது. அழுத்தம் வருவதற்குள் கை தயாராகிவிடுகிறது. ஆரம்பத்தில் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருந்தது. இப்போது தும்மல் வருவதற்குள் அதுவாகவே நடக்கிறது.

மூச்சும் இதில் சேர்ந்தது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, இடுப்புத்தளமும் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கிறது. மூச்சை விடும்போது இரண்டும் மேலே வருகின்றன. அதனால் பாரம் தூக்கும் கணத்தில் மூச்சை விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் மொத்த அழுத்தமும் அந்த இடைவெளியின் மேல் இறங்கும். பாரத்தை உடம்போடு சேர்த்துப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுவது என்று பழகிக்கொண்டேன். நாற்காலியிலிருந்து எழும்போதும் அப்படியே.

மலச்சிக்கலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் பயிற்சி செய்துவிட்டுத் தினமும் கழிப்பறையில் முக்கினால் பயன் இல்லை. உட்காரும் வகைக் கழிப்பறையாக இருந்தால் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி வைத்து, முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து மூச்சை விட்டபடி காத்திருங்கள். வராவிட்டால் எழுந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்சுவர் பிதுங்கியவர்களுக்கு மலம் அந்தப் பையில் தங்கிவிடும். சுத்தமான விரலால் யோனியின் பின்சுவரையோ சதைமேட்டையோ அழுத்திப் பிடித்தால் வெளியேறும். இதை வெட்கப்பட்டுக்கொண்டு ரகசியமாகச் செய்யும் பெண்கள் ஏராளம். மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இது முக்கியமான தகவல்.

சில மாதங்களில் சாயங்காலப் பாரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் அளவில் பெரிய மாற்றம் இல்லை. நீண்ட தசைநார் பயிற்சியால் சுருங்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பயிற்சி கையை வலுவாக்குகிறது, கயிற்றைக் குட்டையாக்குவதில்லை. அதனால் நீண்ட நேரம் நிற்க வேண்டிய நாட்களுக்கென்று பெசரி போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவர் கேட்டார்.

பெசரி என்பது யோனிக்குள் வைக்கும் சிலிகோன் வளையம். அறுவைச் சிகிச்சை இல்லாமல் அடியிலிருந்து முட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. புதிய யோசனையும் இல்லை. பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களில் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கக் கொடுத்த குறிப்பு இருக்கிறது. அதே காலத்தில், இறங்கிய கர்ப்பப்பையை மேலே அனுப்ப என்று பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கியும் இருக்கிறார்கள். அந்தப் பெண்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

வளையத்தின் அளவை மருத்துவர்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் அளவே எல்லோருக்கும் பொருந்திவிடாது. போட்டவுடன் அங்கேயே நடந்து, குனிந்து, இருமி, சிறுநீர் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சரியாகப் பொருந்தினால் உள்ளே இருப்பதே தெரியக் கூடாது. வளையத்தை இரண்டாக மடித்து நீள்வாக்கில் செலுத்தி, உள்ளே போனதும் விரிய விட்டு, முன்விளிம்பைப் பூப்பெலும்புக்குப் பின்னால் தள்ளி வைப்பது என்று நர்ஸ் ஒருவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். நானே எடுத்துக் கழுவி மறுபடி போட்டுக்கொள்கிறேன். தானாக எடுக்க முடியாதவர்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். மறந்துபோய் வருடக்கணக்கில் விட்டுவிட்டால் சுவரை அரித்துப் புண்ணாக்கும். நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இரத்தமோ தெரிந்தால் தவணை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்குச் சுவர் மெலிந்திருப்பதால் உள்ளே தடவ ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொடுப்பார்கள். இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். இறங்கிய சிறுநீர்ப்பை மடங்கி அடைத்துக்கொண்டிருந்ததால் தெரியாமல் இருந்த சிறுநீர்க் கசிவு, வளையம் போட்டு நிமிர்த்தியதும் தெரிய ஆரம்பிக்கலாம். எனக்கு இருமும்போது லேசாகக் கசிந்தது. முன்கூட்டி இறுக்கும் அந்தப் பழக்கம்தான் இங்கேயும் கைகொடுத்தது.

இனி, “எடுத்துடலாமா?” என்ற கேள்வி. கர்ப்பப்பையை எடுப்பது சிலருக்குச் சரியான சிகிச்சைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எடுத்துவிட்டதாலேயே தாங்கிகள் வலுப்பெற்றுவிடாது. எடுத்த பிறகு யோனியின் உச்சியை அந்தத் தசைநார்களோடோ எலும்போடோ சேர்த்துக் கட்டாவிட்டால், பின்னாளில் யோனியின் உச்சியே இறங்கி வரும். கர்ப்பப்பை இல்லாத பெண்களுக்கும் இறக்கம் வருவது இதனால்தான். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே மேலே தூக்கிக் கட்டும் முறைகளும் இருக்கின்றன. கருப்பை வாயின் ஒரு பகுதியை மட்டும் நீக்கி கார்டினல் தசைநாரைக் குறுக்கித் தைக்கும் மான்செஸ்டர் அறுவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே உண்டு. திருவெலும்போடோ, உள்ளிருக்கும் சேக்ரோஸ்பைனஸ் தசைநாரோடோ பிணைப்பதும் உண்டு.

அறுவைச் சிகிச்சை என்று பேச்சு வந்தால் கேட்க வேண்டியவற்றை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். எந்த மட்டத்தைச் சரி செய்யப் போகிறீர்கள்? கர்ப்பப்பையை எடுத்தால் யோனியின் உச்சியை எதில் கட்டுவீர்கள்? கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே செய்ய என் உடம்பில் வாய்ப்பு உண்டா? திரும்ப இறங்கும் வாய்ப்பு எவ்வளவு? மறைந்திருக்கும் சிறுநீர்க் கசிவு இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்தீர்களா? தாங்குவதற்குச் செயற்கை வலை (மெஷ்) வைக்கப் போகிறீர்களா, வைத்தால் எந்த வழியாக? யோனி வழியாக வைக்கும் இறக்க வலைகளின் விற்பனையை நிறுத்தும்படி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. வயிற்று வழியாக வைக்கும் வலை அந்த உத்தரவில் அடங்காது. ஆகவே “வலை” என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாமல், எந்த வழி என்று கேட்பது அவசியம்.

2ஆம் நிலை உயிருக்கு ஆபத்தானது இல்லை, அவசரப்பட்டு முடிவெடுக்கவும் தேவையில்லை. சிலதுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: சிறுநீர் அறவே வராமல் அடைப்பது, வெளியே வந்த பகுதி உள்ளே போகாமல் நிற்பது, அதில் புண்ணோ இரத்தமோ தெரிவது, மாதவிடாய் நின்ற பிறகு எந்த அளவில் இரத்தம் பட்டாலும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்தால், முழுக்கக் காலியாகிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் இப்போதைக்கு வளையமும் பயிற்சியுமாகவே போகிறேன். அடுத்த பரிசோதனையில் கருப்பை வாய் முன்பைவிடக் கீழே வந்திருந்தால், கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறையைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். சென்ற முறை எடுத்த அளவுகள் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.